கட்டைகளில் வாசிக்கப்படும் விண்கலங்கள்: அறிவியல் புனைவுப் படங்களும் ரசிகர்களின் லெகோ மாதிரிகளும்

அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் வரும் விண்கலங்களையும் ஊர்திகளையும் எந்திர மனிதர்களையும், ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளைக் கொண்டு ரசிகர்கள் தாமே வடிவமைத்துக் கட்டும் வழக்கம், பல பத்தாண்டுகளாக வளர்ந்து, தனக்கென்று நுட்பங்களும் கலைச்சொற்களும் தரம்பிரிக்கும் அளவுகோல்களும் உடைய ஒரு துறையாகவே இன்று நிலைபெற்றிருக்கிறது. ஆயினும் அதைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு முனைகளிலேயே நின்றுவிடுகின்றன. திரையில் கண்டதை அப்படியே திரும்பச் செய்யும் பொழுதுபோக்கு என்று ஒரு தரப்பு அதை ஒதுக்குகிறது. எத்தனை ஆயிரம் துண்டுகள், எத்தனை மாத உழைப்பு என்ற கணக்கைக் கண்டு வியப்பதோடு மறுதரப்பு அமைகிறது. மாதிரிக்குள் நடந்திருக்கும் வேலையை இரு தரப்பும் கவனிப்பதில்லை. கட்டைகளால் ஒரு கலத்தைக் கட்டுபவர் அந்தப் படத்தை வாசிக்கிறார் என்பதும், எதை விட்டால் அந்தக் கலம் அடையாளம் இழக்கும், எதை விட்டாலும் இழக்காது என்று துண்டுக்குத் துண்டு தீர்ப்புச் சொல்கிறார் என்பதும், ஆகவே இம்மாதிரிகளை அளக்க வேண்டியது அந்தத் தீர்ப்புகளைக் கொண்டே என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

இத்துறையின் அடிப்படைப் பொருள், டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் உருவாக்கிய லெகோ கட்டை. மேற்புறம் குமிழ்களும் உட்புறம் குழாய்களும் கொண்ட இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. 1963 முதல் ஏ.பி.எஸ். எனப்படும் கெட்டியான, நிறம் எளிதில் ஏற்கும் பிளாஸ்டிக்கில் அது வார்க்கப்பட்டு வருகிறது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ., கட்டையின் உயரம் 9.6 மி.மீ., அதில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள ‘தகடு’ என்ற தட்டைத் துண்டின் உயரம் 3.2 மி.மீ. என்ற அளவுகள் மாறாமல் காக்கப்படுவதால், அறுபது ஆண்டுகளுக்கு முன் வார்த்த கட்டையில் இன்று வார்த்த கட்டை பிசகின்றிப் பொருந்துகிறது. 1978-இல் கை கால் அசையும் சிறு மனித உருவமும் விண்வெளித் தொடரும் அறிமுகமாயின. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படம் 1977-இல் வெளிவந்தது. உரிமம் பெற்ற முதல் லெகோ பெட்டிகளோ 1999-இல்தான் கடைக்கு வந்தன. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அப்படத்தின் கலம் ஒன்றை லெகோவில் பார்க்க விரும்பியவர், வேறு பெட்டிகளில் வந்த துண்டுகளைக் கொண்டு தாமே அதைக் கட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. பெட்டியோடு வரும் கையேட்டைப் பின்பற்றாமல் தாமே வடிவமைத்த மாதிரியை ரசிகர்கள் ‘மாக்’ என்கிறார்கள். ‘மை ஓன் கிரியேஷன்’ என்பதன் சுருக்கம் அது. இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

மேலே சொன்ன அளவுகளே கட்டுபவரின் முதல் எதிரியும் முதல் ஆசிரியரும் ஆகின்றன. கட்டைகளை வழக்கம்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாப் பரப்பும் படிக்கட்டாகவே எழும்பும். விண்கலங்களின் உடலோ சரிவும் வளைவும் கூர்முனையும் கொண்டது. இச்சிக்கலைத் தீர்க்க எழுந்த நுட்பத் தொகுதிக்கு ‘ஸ்நாட்’ என்று பெயர். குமிழ்கள் மேல்நோக்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, பக்கவாட்டிலும் தலைகீழாகவும் துண்டுகளைத் திருப்பிப் பொருத்துவது அது. அதற்கு இடம் தருவது ஓர் எளிய கணக்கு: ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மி.மீ. உயரம் வரும், இரண்டு குமிழ்களின் அகலமும் அதே 16 மி.மீ. இந்த ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டால், செங்குத்தாக நிற்கும் அடுக்கும் படுக்கையாகக் கிடக்கும் அடுக்கும் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துவிடும். பந்து வடிவத்துக்கும் இதுவே வழி. ஆறு பக்கமும் குமிழ்கள் வெளிநோக்கும்படி ஒரு சிறு கன உருவை முதலில் செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரியான தகட்டடுக்கைப் பொருத்தினால் உருளும் கோளம் ஒன்று கிடைக்கும்; அதைக் கண்டறிந்தவர் பெயரால் அது ‘லோவெல் கோளம்’ எனப்படுகிறது.

சரிவு இன்னும் கடினம். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பேரரசின் ‘ஸ்டார் டிஸ்ட்ராயர்’ போர்க்கலம் நீண்ட ஆப்பு வடிவில் இருக்கும். அதன் மேல், கீழ்ப் பரப்புகள் முனையை நோக்கி ஒடுங்கிச் சந்திக்க வேண்டும். குமிழ்க் கட்டத்துக்குள் அந்தக் கோணம் அடங்காது என்பதால், உள்ளே துளையுள்ள ‘டெக்னிக்’ சட்டங்களால் எலும்புக்கூடு ஒன்றைக் கட்டி, வெளிப்பரப்பைத் தனித் தட்டிகளாகச் செய்து, கீல்களில் சாய்த்துத் தொங்கவிடுவதே பொதுவான முறையாக இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதமுள்ள செங்கோண முக்கோணம் போன்றவை சாய்ந்த சட்டமும் முழுக் குமிழ் எண்ணிக்கையிலேயே முடிய உதவுவதால், பள்ளிக்கூடத்துப் பைதாகரஸ் தேற்றம் இங்கே நாள்தோறும் புழங்கும் கருவியாகிறது. 2002-இல் நிறுவனமே வெளியிட்ட பெரிய ஸ்டார் டிஸ்ட்ராயர் பெட்டியில் தட்டிகளை ஒட்டிநிறுத்தக் காந்தங்கள் பயன்பட்டன என்பது, அந்தச் சரிவு எவ்வளவு பிடிவாதமானது என்பதைக் காட்டும்.

இந்தக் கலையைத் திரைப்படத்துக்கு வெளியே நின்று நகலெடுப்பதாகக் கருதுவோர் மறந்துவிடும் வரலாறு ஒன்று உண்டு. அந்தத் திரைக்கலங்களே வேறு விளையாட்டு மாதிரிகளின் துண்டுகளால் ஆனவை. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்துக்காக ஐம்பது அடிக்கும் மேல் நீளமாகக் கட்டப்பட்ட ‘டிஸ்கவரி’ கலத்தின் மேற்பரப்பிலும், பின்னர் ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காகக் கலிஃபோர்னியாவில் ‘இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக்’ கூடம் செய்த கலங்களிலும், கடையில் விற்கும் பீரங்கி வண்டி, போர்க்கப்பல், விமானம் முதலியவற்றின் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை உடைத்தெடுத்த நூற்றுக்கணக்கான உறுப்புகள் ஒட்டப்பட்டன. இம்முறைக்குக் ‘கிட்பேஷிங்’ என்றும், அப்படி ஒட்டப்பட்ட, குறிப்பிட்ட பயன் எதுவும் இல்லாத, ஆனால் எந்திரம்போலத் தோன்றும் நுண்ணுறுப்புகளுக்குக் ‘கிரீபிள்’ என்றும் பெயர் வழங்கலாயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் திரையின் மேல்விளிம்பிலிருந்து முடிவின்றி நீண்டுகொண்டே வரும் அந்தப் பெரும் போர்க்கலம், உண்மையில் ஏறக்குறைய மூன்றடி நீளமுள்ள ஒரு மாதிரி. அதன் பேருருவம் அளவிலிருந்து பிறக்கவில்லை. மேற்பரப்பெங்கும் நெருங்கிக் கிடக்கும் நுண்ணுறுப்புகள் கண்ணுக்குத் தரும் தொலைவுணர்விலிருந்து பிறந்தது. ஒரு பொருளுக்காக வார்க்கப்பட்ட உறுப்பை எடுத்து இன்னொரு பொருளின் உடலில் வைத்துப் புதுப்பொருள் பெறச்செய்வது அந்தக் கூடத்தின் தொழில்முறை. லெகோ கட்டுபவர் செய்வதும் அதே வேலைதான் என்பதால், அவரை நகலெடுப்பவர் என்பதைவிட அந்தத் தொழில்மரபின் வாரிசு என்பதே பொருத்தம்.

லெகோ கிரீபிள்களை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். சமையலறைப் பெட்டிக்காக வார்த்த தண்ணீர்க் குழாய் கலத்தின் பக்கவாட்டில் எரிபொருள் வால்வாகிறது. மனித உருவத்தின் உருளைச்சக்கரக் காலணியும் இருகண்நோக்கியும் உந்துபொறியின் உட்பாகமாகின்றன. மனித உருவத்திலிருந்து பிரித்த சிறு கை, வளைந்த கொக்கியாக ஏதோவொரு கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு எதிர்பாராத இடத்தில் பொருந்திய துண்டைக் கண்டு பாராட்டுவது இத்துறையின் முதன்மையான இன்பம். ஆனால் இங்கேயே அதன் பெரிய நோயும் தொடங்குகிறது. திரைக்கலத்தை வடித்தவர்கள் நுண்ணுறுப்புகளை எல்லா இடத்திலும் பரப்பவில்லை. வெறுமையான பெரிய பரப்புகளை விட்டு, அவை சந்திக்கும் பள்ளங்களிலும் விளிம்புகளிலும் மட்டுமே நெருக்கிவைத்தார்கள். பல ரசிகர் மாதிரிகள் இந்த ஒதுக்கீட்டைக் கவனிக்காமல், கிடைத்த பரப்பையெல்லாம் துண்டுகளால் நிரப்பிவிடுவதால், கண் தங்குவதற்கு இடமின்றி உருவமே கலைந்துபோகிறது. துண்டுக் கணக்கைத் தகுதியாகக் கொள்ளும் மதிப்பீடு இந்தக் குறையை ஊக்குவிக்கிறது என்றே சொல்லவேண்டும்.

அளவுவிகிதம் பற்றிய விவாதமும் இதனோடு சேர்ந்தது. லெகோ மனித உருவம் ஏறக்குறைய 4 செ.மீ. உயரம், உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் விகிதம் நாற்பதில் ஒன்றுக்குச் சற்று மேலாகவும், அதன் பருத்த அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் வேறாகவும் வரும் என்பதால், ‘மனித உருவ அளவு’ என்பது தொடக்கத்திலேயே நெகிழ்ச்சியான ஒரு கருத்து. 2017-இல் நிறுவனம் வெளியிட்ட, 7,541 துண்டுகள் கொண்ட, ‘ஸ்டார் வார்ஸ்’ படக் கலமான ‘மிலேனியம் ஃபால்கன்’ சுமார் 84 செ.மீ. நீளம்; ஏறத்தாழ 35 மீட்டர் நீளமுள்ளதாகக் கருதப்படும் அக்கலத்துக்கு அது நாற்பதில் ஒன்றை ஒட்டிய விகிதம். அதே விகிதத்தில், 1,600 மீட்டர் நீளமுள்ளதாகச் சொல்லப்படும் ஸ்டார் டிஸ்ட்ராயரைக் கட்டினால் அது 40 மீட்டர் நீளத்துக்கு ஓடும். ஆகவே பெரிய கலங்களைக் கட்டுபவர் விகிதத்தை விட்டு, நூறு குமிழ் நீளம், அதாவது 80 செ.மீ., என்பதையே ஓர் எல்லைக்கோடாகக் கொண்டனர். அதைத் தாண்டிய கலங்களுக்கு, துண்டுகளில் செய்யப்படும் பெரும் முதலீடு என்ற பொருளில் ஆங்கிலத்தில் கப்பலைக் குறிக்கும் எழுத்துகளையே சுருக்கப்பெயராக வைத்து, செப்டம்பர் மாதம் முழுதும் ஒன்றைக் கட்டிமுடிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டனர்.

பருமனைக் கொண்டாடும் இந்த வழக்கத்துக்கு எதிர்முனையில் ‘மைக்ரோ’ எனப்படும் உள்ளங்கை அளவு மாதிரிகள் நிற்கின்றன. கலையின் உரைகல் இவற்றிலேயே இருக்கிறது. ஐந்தாறு செ.மீ. அகலத்தில் மிலேனியம் ஃபால்கனைக் கட்ட முற்படுபவருக்குக் கிடைப்பவை ஒரு வட்டத் தட்டும் சில சிறு தகடுகளும் ஓரிரு உருளைகளுமே. அவற்றைக்கொண்டு அவர் சொல்லவேண்டியவை மூன்று: உடல் வட்டம், முன்புறம் இரண்டாகப் பிளந்த தாடை, ஓட்டுநர் அறை நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இந்த ஒதுக்கம்தான் அக்கலத்தின் உயிர். அறையை நடுவில் வைத்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பார்ப்பவர் வேறு ஏதோ பறக்கும் தட்டு என்றே நினைப்பார். அறையைப் பக்கத்தில் வைத்துவிட்டால், பரப்பில் ஒரு நுண்ணுறுப்பும் இல்லாவிட்டாலும் பெயர் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வார். படத்தைப் பலமுறை பார்த்தவர்கூட வாயால் விளக்கத் தடுமாறும் ஒரு வடிவ உண்மையை, பத்துப் பதினைந்து துண்டுகள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. இதைத் திறனாய்வு என்று அழைப்பதில் மிகையில்லை.

நிறமும் ஒளிபுகும் துண்டுகளும் இதேபோல் கட்டுபவரைத் தேர்வுசெய்ய வைப்பவை. 2003, 2004 ஆண்டுவாக்கில் நிறுவனம் தன் பழைய சாம்பல் நிறங்களை நிறுத்தி, நீலச்சாயல் கொண்ட புதிய சாம்பல் நிறங்களைக் கொண்டுவந்தபோது, விண்கலம் கட்டுவோரிடமிருந்தே மிகக் கடுமையான எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம் வெளிப்படை: பல ஆண்டுகளாகச் சேர்த்த சாம்பல் துண்டுகளோடு புதியவை ஒட்டவில்லை. ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்துக்காகச் சிட் மீட் வடிவமைத்த ‘ஸ்பின்னர்’ என்ற பறக்கும் மகிழுந்து வேறொரு வகையான தடை. அதன் முகப்பு முழுவதும் கண்ணாடிக் குமிழியாக இருக்க, லெகோவில் ஒளிபுகும் பெரிய துண்டுகளின் வார்ப்புகள் சிலவே உள்ளன. ஆகவே கட்டுபவர் கண்ணாடித் துண்டை முதலில் தேர்ந்து, அதன் அகலத்துக்கு ஏற்ப ஊர்தி முழுவதையும் பின்னோக்கிக் கணக்கிடுகிறார். ‘ஏலியன்’ (1979) படத்தின் உயிரிக்கு உடலெங்கும் விலாவும் குழாயும் என்பதால் அங்கே கட்டைகள் பின்வாங்கி, நெளியும் குழாய்களும், 2001-இல் தொடங்கிய ‘பயோனிக்கிள்’ உருவங்களின் மூட்டுகளும் முன்னுக்கு வருகின்றன.

ரசிகர்களுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள உறவு 2008-இல் ஜப்பானில் தொடங்கி 2011-இல் உலகெங்கும் திறக்கப்பட்ட ‘கூசூ’ திட்டத்தால் புதிய நிலையை அடைந்தது. 2014 முதல் ‘லெகோ ஐடியாஸ்’ என்று பெயர்பெற்ற அத்திட்டத்தில், 10,000 பேரின் ஆதரவைப் பெறும் மாதிரி நிறுவனத்தின் குழுவால் ஆராயப்பட்டு, தேர்வானால் கடைப்பொருளாகிறது. வடிவமைத்த ரசிகருக்கு நிகர விற்பனையில் ஒரு சதவீதம் கிடைக்கிறது. ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தின் காலப்பயண மகிழுந்து (2013), ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ ஊர்தி (2014), ‘வால்-ஈ’ எந்திரம் (2015), ‘ட்ரான்: லெகஸி’ ஒளிவண்டி (2018) ஆகியவை இவ்வழியே வந்தன. இவற்றுள் வால்-ஈ தனிக்கவனம் பெறத்தக்கது. அதை வடிவமைத்த ஆங்கஸ் மெக்லேன், பிக்ஸார் நிறுவனத்தில் அதே படத்தில் பணியாற்றிய அசைவூட்டக் கலைஞர். திரையில் அவ்வெந்திரத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவரே அதைக் கட்டைகளாலும் கட்டினார். விற்பனைக்கு வந்த முதல் பெட்டிகளிலோ கழுத்தின் மூட்டு தலையின் கனத்தைத் தாங்காமல் தொங்கியது; பிறகு கழுத்து மாற்றியமைக்கப்பட்டது. வால்-ஈயின் உணர்ச்சி முழுவதும் தலையைச் சாய்க்கும் விதத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்தக் கழுத்தை அசையாத கட்டையாக்கிவிடாமல் வலுப்படுத்தியது சரியான முடிவு.

ஆனால் இத்திட்டம் திறந்துவிட்ட வாசலைவிட மூடிவைத்த வாசல்கள் அதிகம். ‘செரினிட்டி’ (2005) படத்தின் கலம் போதிய ஆதரவைப் பெற்றும், மூலக்கதை இளம் வயதினருக்கு ஏற்றதல்ல என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. நிறுவனத்தின் நடப்பு உரிமத் தொடர்களோடு மோதும் முன்மொழிவுகள் ஏற்கப்படாததால், ரசிகர்கள் மிக அதிகமாகக் கட்டும் ‘ஸ்டார் வார்ஸ்’ கலங்களுக்கே அங்கு இடமில்லை. மேலும், வாக்கு பெறவேண்டும் என்ற நோக்கம் வடிவத்தையே திருத்துகிறது. பெரும்பான்மைக்கு உடனே பிடிக்கும் ஊர்தி முன்னுக்கு வர, திரையில் சில நொடிகளே தோன்றும் ஒரு சரக்குக் கலத்தை நுணுகி ஆராய்ந்த மாதிரி பின்தங்குகிறது. அந்தக் கலத்தின் நான்கு பக்கத்தையும் திரை காட்டியிருக்காது. காணாத பக்கங்களைத் தர்க்கத்தால் ஊகித்துக் கட்டும் மாதிரியே படத்தின் உலகத்தை மெய்யாகவே விரிக்கிறது என்பதால், இத்திட்டத்தின் தேர்வுகளை இக்கலையின் தரப்பட்டியலாகக் கொள்வது பெரும் பிழை.

சட்டநிலை மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலாவது, கட்டையின் வடிவம். அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின், குமிழ் வடிவத்தை வணிகச்சின்னமாகக் காக்க நிறுவனத் தரப்பு முயன்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும், தொழில்நுட்பச் செயல்பாட்டால் அமைந்த வடிவத்தை அப்படிக் காக்க இயலாது என்று தீர்ப்பளித்தன. இரண்டாவது, திரைக்கலத்தின் வடிவம். ‘ஸ்டார் வார்ஸ்’ படைவீரர் தலைக்கவசம் குறித்த வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2011-இல், அது படத்துக்கான பயன்பொருளே, பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் சிற்பம் அல்ல என்று கூறியது. ஆனால் அது பிரிட்டன் சட்டத்துக்குள் அடங்கிய முடிவு. மூன்றாவது அடுக்கில்தான் ரசிகர் நிற்கிறார். அவர் கண்டறிந்த மூட்டும் அடுக்கும் அவருடையவை. ஆனால் அவர் கட்டிய உருவம் வேறொருவருக்கு உரியது. சீனாவின் ‘லெப்பின்’ பெயரில் போலிப் பெட்டிகள் பெருகியபோது, நிறுவனத்தின் பெட்டிகளோடு ரசிகர்களின் மாக்குகளும் அனுமதியின்றி அச்சடித்த கையேட்டோடு விற்கப்பட்டன. நிறுவனத்தின் சார்பில் வழக்குகள் நடந்தன. 2019-இல் காவல்துறை அந்த உற்பத்தியைச் சோதனையிட்டு முடக்கியது. படத்தின் உருவத்தைக் கடன் வாங்கியிருந்த ரசிகர்களுக்கோ நீதிமன்றப் படியேறுவதே எளிதாக இருக்கவில்லை. படைப்பின் உழைப்பு முழுவதும் நிகழும் இடத்தில் பாதுகாப்பு மிகக் குறைவாக இருப்பது இத்துறையின் உண்மையான அநீதி.

எஞ்சியிருப்பது ஆவணப்படுத்தல். மாக்குகளில் பெரும்பகுதி, அடுத்த மாதிரிக்குத் துண்டுகள் வேண்டியே பிரிக்கப்படுகின்றன. 2000-இல் தொடங்கி 2019-இல் லெகோ நிறுவனத்தால் வாங்கப்பட்ட ‘பிரிக்லிங்க்’ என்ற சந்தை, தனித் துண்டுகளை நிறமும் எண்ணும் குறிப்பிட்டு வாங்க வழிசெய்ததால், பிரித்ததைத் திரும்பக் கட்டுவது கைகூடக்கூடியதாயிற்று. அதைவிட முக்கியமானது, ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கிய ‘எல்ட்ரா’ என்ற கணினி முறை. அதன் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு; ஒரு துண்டுக்கு ஒரு வரி. வரியில் நிற எண், மூன்று திசையில் இருப்பிடம், திரும்பியிருக்கும் கோணத்தைச் சொல்லும் ஒன்பது எண்கள், துண்டின் பெயர் ஆகியவை இருக்கும். அளவின் அலகு 0.4 மி.மீ.; ஒரு குமிழின் அகலம் 20 அலகு, கட்டையின் உயரம் 24, தகட்டின் உயரம் 8. ஜெஸ்ஸிமன் 1997-இல் மறைந்தபின்னும் தன்னார்வலர்கள் துண்டு நூலகத்தை வளர்த்துவருகின்றனர்.

கணினியில் மட்டும் கட்டப்பட்ட மாதிரியில் கனமும் இல்லை, குமிழின் பிடியும் இல்லை, வார்க்கப்படாத நிறத்திலும் துண்டு கிடைக்கும் என்பதால், அதையும் மேசைமேல் நிற்கும் மாதிரியையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்ற கருத்து நியாயமானதே. ஆயினும் ஆய்வாளருக்கு அக்கோப்புகள் தரும் பயன் வேறு. இறுதி வடிவத்தின் நிழற்படம் முடிவை மட்டும் காட்ட, ஒரே கலத்தின் அடுத்தடுத்த கோப்புகளை ஒப்பிட்டால், எந்த வரி நீங்கியது, எந்த வரி மாறியது என்று கட்டுபவரின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகத் தொடரமுடிகிறது. முதல் கோப்பில் இறக்கையைக் கீல் தாங்கியிருக்கும். மூன்றாவதில் அந்த இடத்தில் ஒரு கவ்வியும் கம்பியும் வந்திருக்கும். இறக்கை இரண்டு அலகு உள்ளே நகர்ந்து, உடலோடு சேரும் இடத்தில் இருந்த இடைவெளி மறைந்திருக்கும். ரசிகர்களின் நிழற்படங்களைச் சேர்க்க முன்வரும் காப்பகங்கள் இந்த இடைநிலைக் கோப்புகளையும் கேட்டுப் பெறவேண்டும்.